இருபத்துநான்கு விரல் உலகம்

"உலகத்துல எந்த ஊரும் எந்த ஊருக்கும் ஒரு நாள் தூரத்துக்கு மேல கிடையாது வே. இருந்தா கொண்டாரும். கடையைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாண்டுல பெட்டி தூக்கப் போறேன்."

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடித்தபசுக் கூட்டத்துக்கு நடுவே, சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில் தன் டிரங்குப் பெட்டிக் கடை வாசலில் நின்று சண்முகையா இப்படி அறிவித்தார். உலகம் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அன்று வேறு சோலி இருந்திருக்கலாம்.

அறிவித்தவரின் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். அதுவரை அவர் போயிருந்த அதிகபட்ச தூரம் மதுரை. மாமனாரின் கண் ஆபரேஷனுக்காகப் போனார். வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே போனதால் மதுரையையும் அவர் ஒழுங்காகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறார். விமானமும் அவரைக் குனிந்து பார்த்திருந்தால் இருவருக்கும் உள்ள பழக்கம் அவ்வளவுதான்.

ஆனால் அவரிடம் ஒரு பூகோள உருண்டை இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் உடைந்த பெஞ்சுகளை ஏலம் விட்டபோது, ஏலம் எடுத்த அவருக்கு இனாமாக வந்தது. வெள்ளைக்காரன் காலத்து உருண்டை. அதில் பாகிஸ்தான் இன்னும் பிறக்கவில்லை. தென் துருவம் நசுங்கிப் போனதால் அதை ஒரு பவுடர் டப்பாவின் மேல் உட்கார வைத்திருந்தார். அந்த இடத்தில் யாருக்கும் வேலை கிடைப்பதாகத் தகவல் இல்லாததால் வியாபாரத்துக்கு இடைஞ்சல் எதுவும் ஏற்படவில்லை.

அளக்கும் முறை எளிது. ஊரில் சேலை நெய்யும் சிவப்பு நூலில் ஒரு முழம் எடுத்து, ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு உருண்டையின் மேல் இழுத்துப் பிடிப்பார். பிறகு நூலின் மேல் விரல்களை அடுக்குவார். ஒரு விரல் அகலம் என்றால் ஐந்நூற்றுச் சொச்சம் மைல். ஜெட் விமானம் மணிக்கு ஐந்நூற்றுச் சொச்சம் மைல் போகும். ஆகவே ஒரு விரல் ஒரு மணி நேரம். உருண்டையில் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பினாலும் நேர் எதிர்ப்புள்ளிக்கு இருபத்துநான்கு விரல்தான் வந்தது. அதற்கு அப்பால் போனால் திரும்பி வருவதாக அர்த்தம். இருபத்துநான்கு விரல், ஒரு நாள். கணக்கில் பிழை இல்லை. இந்த வரலாற்றில் கடைசி வரைக்கும் கணக்கில் பிழை இல்லை.

பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த வெள்ளத்துரைக்கு மத்தியானங்களில் பொழுது போகாது.

"அண்ணாச்சி, டோக்கியோவுல இருந்து லண்டனுக்கு?"

"பதினொண்ணரை விரல்."

"நடுவுல ருஷ்யாக்காரன் மறிச்சான்னா?"

"நூலை எவம்லே மறிப்பான்?"

"சரி, இங்கன இருந்து கடையநல்லூருக்கு?"

"ஏலே, சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் எல்லாம் ஒரு நகத்துக்குள்ள அடங்கிரும். அதையெல்லாம் உருண்டையில அளப்பாங்களா? பஸ்ஸுல ஏறினா ஒண்ணேகால் மணி நேரம். பெரிய தூரமா கேளு."

பெரிய தூரம் கேட்கிறவர்கள் கடையநல்லூரிலிருந்தே வந்தார்கள். அந்த வருஷங்களில் அங்கே தறியை விட்டு இறங்கியவன் நேரே விமானத்தில் ஏறினான். ஏறுவதற்கு முன்னால் பெட்டி வாங்கினான். கல்யாணப் பெண்களுக்கு டிரங்குப் பெட்டி விற்று வந்த சண்முகையா, சூட்கேஸ் விற்கத் தொடங்கினார். வாங்கியவனின் பெயரையும் ஊரையும் பெட்டியின் மேல் வெள்ளை எனாமல் பெயிண்டில் தானே எழுதிக் கொடுத்தார். ஊருக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினார். 'திருவனந்தபுரம் – தஹ்ரான் (சவுதி), 4½ மணி.' அதற்குத் தனிக் காசு கிடையாது.

உண்மையில் அவர் விற்றது அந்த வரியைத்தான். மகன் கண்காணாத சீமைக்குப் போகிறான் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள், சென்னைக்கு ரயிலில் போகிற நேரத்தில் பாதிகூட இல்லை என்று தெரிந்துகொண்டு முந்தானையை உதறிவிட்டு எழுந்து போனார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி மகபூப் பீவி. கைலி வியாபாரம் பார்த்த இப்ராஹீமின் மனைவி. இப்ராஹீமும் சண்முகையாவும் ஒரே சந்தையில் கடை விரித்துப் பழகி, மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிற அளவுக்கு வந்தவர்கள். இப்ராஹீமின் ஒரே மகன் பாதுஷா எழுபத்தொன்பதில் சவுதிக்குக் கிளம்பியபோது மூன்று பேருமாகப் பெட்டி எடுக்க வந்தார்கள். பெட்டியைத் தொட்டதும் மகபூப் பீவிக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா, இங்கன பாரு." சண்முகையா நூலை இழுத்தார். நான்கு விரலை வைத்து, ஐந்தாவதைப் பாதி மடக்கினார். "நாலரை விரல். நீ சோத்தை வடிச்சு வச்சிட்டு ஒரு சத்தம் குடு. கொழம்பு ஆறுறதுக்குள்ள வந்து நிப்பான்."

"மெய்யாவா அண்ணாச்சி?"

"உருண்டை பொய் சொல்லுமா?"

இப்ராஹீம் சிரித்தார். "மச்சான், நீரு ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லும்."

"ஏறினவனுக்குத் தூரம் தெரியாது வே. அவன் ஜன்னலைப் பாப்பான்."

இரண்டு வருஷம் கழித்து, சித்திரை மாதக் கடைசி வியாழக்கிழமை, விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்த இப்ராஹீம் நடைவாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தகவல் வந்து சண்முகையா முதல் பஸ்ஸில் கடையநல்லூர் போய் இறங்கினார். மச்சானின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையில் குறை சொல்ல ஏதுமில்லை.

சவுதிக்கு டிரங்க் கால் போட்டால் மறுநாள் கிடைத்தாலே பெரிது. அன்றைக்குப் பார்த்து ஒன்பது மணிக்கே கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால் சாயங்காலம் அஸர் தொழுகைக்கெல்லாம் அடக்கம் முடிந்து எல்லாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். பாதுஷாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "வாப்பாவை வைங்க. நான் கிளம்பிட்டேன். மொகத்தைப் பாக்கணும்." அதோடு லைன் அறுந்தது.

மௌத்தானவரின் உடலை வைத்திருப்பது அங்கே வழக்கமில்லை. காலையில் போனால் சாயங்காலத்துக்குள் மண். அதுதான் போனவருக்குச் செய்யும் மரியாதை. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் அஸ்ரத் அதையே சொன்னார். சவுதியில் ஆறு வருஷம் இருந்து திரும்பிய சேக் மைதீன், இப்ராஹீமின் தம்பி மகன், அவனும் அதையே சொன்னான்.

"பாஸ்போர்ட் அவன் கையிலயா இருக்கு? வேலைக்கு எடுத்த அரபி கையில இருக்கு. இன்னைக்கு வியாழன், அங்கன இன்னைக்கும் நாளைக்கும் லீவு. ஆபீஸைத் தொறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து, நாட்டை விட்டுப் போகலாம்னு சீல் அடிக்காம ஒருத்தனும் வெளிய வர முடியாது. அவன் 'கிளம்பிட்டேன்'னா ரூமை விட்டுக் கிளம்பிட்டேன்னு அர்த்தம்."

சபை சண்முகையாவைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சபையில் பாதிப் பேரின் பெட்டிகளில் அவருடைய கையெழுத்து இருந்தது.

"ஏலே சேக், நீ எத்தனை தடவை பிளேன்ல போயிருக்க?"

"போக வர ஆறு தடவை."

"எம்புட்டு தூரம்?"

"அது... நான் தூங்கிட்டேன் மாமா."

"தூங்கினவன் சொல்லுதான், கேளுங்க."

நான்கைந்து பேர் சிரித்துவிட்டு, எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து மகபூப் பீவியின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, நாலரை விரல்தானே?"

சண்முகையா கையைத் தூக்கினார். நான்கு விரலும் ஒரு பாதியும். கதவுக்கு அந்தப் பக்கம் அது தெரிந்திருக்காது. "நாலரைதாம்மா. திருவனந்தபுரத்துல இருந்து செங்கோட்டை வழியா காருக்கு நாலு. முன்னப்பின்ன ரெண்டு போட்டுக்க. ராத்திரி இஷா தொழுகைக்கு முன்னால வாசல்ல நிப்பான்."

"அப்ப வைங்க. நான் எம் மவன்கூடச் சேந்து மொகம் பாத்துக்கிடுதேன்."

விதவையின் சொல்லைத் தட்ட அஸ்ரத்துக்கு மனம் வரவில்லை. புளியங்குடியிலிருந்து ஐஸ் பாளங்கள் உமியில் புதைந்து வந்தன.

அஸர் போனது. மஹ்ரிப் போனது. தெருமுனையில் கார் விளக்குத் தெரியும்போதெல்லாம் வாசலில் ஒரு கூட்டம் எழுந்து நின்று, கார் கடந்து போனதும் உட்கார்ந்தது. இஷாவுக்குப் பிறகு சண்முகையா எதிர்க்காற்றைக் கணக்கில் சேர்த்தார். அது தீர்ந்ததும் விமானம் தாமதமாகக் கிளம்பியிருக்கும் என்றார். அதுவும் தீர்ந்ததும் பம்பாய் வழியாக வருகிறானோ என்று அவரே கேட்டுக்கொண்டு, பம்பாய்க்கு எத்தனை விரல் என்று அவரே பதிலும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர் மட்டும் ஐஸ் பக்கத்திலேயே இருந்தார். உருகிய தண்ணீர் அவர் வேட்டியை நனைத்து வாசல்படி வழியாகத் தெருவுக்கு இறங்கியது.

வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் ஏறியபோது ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தினார்கள். பத்து மணிக்கு மேல் அவரிடம் யாரும் நேரம் கேட்கவில்லை. ஜும்ஆ தொழுததும் எடுத்துவிட வேண்டும் என்று அஸ்ரத் சொன்னார்.

எடுப்பதற்கு முன் துணியை விலக்கி முகம் காட்டுவது வழக்கம். கூடவே இருந்த மனிதர் என்று முதலில் சண்முகையாவைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்தார். அவர் பார்த்ததைப் பார்த்த அஸ்ரத் தானும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, துணியை இழுத்து மூடினார். "பொம்பளைகளுக்கு வேண்டாம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி, நீங்க பாத்தீங்கள்லா? மொகம் எப்படி இருந்துச்சு?"

உலகத்தின் எந்த இரண்டு விமான நிலையங்களைக் கேட்டாலும் நூலை எடுக்கும் முன்பே பதில் சொல்கிற மனிதர், "அப்புறம் வந்து சொல்லுதேம்மா" என்றார்.

பாதுஷா அடுத்த புதன்கிழமை வந்தான். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்த அரபி, சாவியோடு பாலைவனத்தில் ஒட்டகம் பார்க்கப் போயிருந்தாராம். சனிக்கிழமை வந்து வருத்தம் தெரிவித்து, தன் கையாலேயே சீல் வாங்கிக் கொடுத்தாராம். நல்ல மனிதர். பிறகு பம்பாய், பம்பாயில் டிக்கெட்டுக்கு நிற்பது, பிறகு ரயில். அவன் வாசலில் இறக்கி வைத்த பெட்டியின் மேல் '4½ மணி' அழியாமல் அப்படியே இருந்தது. நல்ல பெயிண்ட்.

யாரும் சண்முகையாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அல்லாவின் நாட்டம் என்று ஜமாஅத் முடித்துக்கொண்டது. யாராவது வந்து கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் அவரும் பதிலுக்கு விட்டு, ஆறு மாதம் பேசாமல் இருந்து, பிறகு ஒரு கல்யாணத்தில் சேர்ந்திருப்பார். அந்த வசதியை அவருக்கு ஒருவரும் செய்து தரவில்லை.

முதலில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. புருஷனை இழந்தவள் இத்தா இருக்கும் நான்கு மாதம் பத்து நாளும் அந்நிய ஆண் போய்ப் பேசக் கூடாது. பிற மத ஆசாரத்தை அவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்த மனிதரைச் சங்கரன்கோவில் அதற்கு முன் கண்டதில்லை. அந்தக் கெடு முடிந்த வாரமே வெளுத்த வேட்டியோடு பஸ் ஏறினார். புளியங்குடியில் பஸ் நின்றது. டீ குடிக்க இறங்கினார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. எலுமிச்சைச் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வீடு வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி ஆறுமுகத்தாய் பையை அவிழ்த்துப் பார்த்தாள். "கடையநல்லூர்ல எலுமிச்சம்பழம் விக்காவளா?"

"புளியங்குடியில மலிவா இருந்துச்சு."

அடுத்த மாதமும் புளியங்குடியில் மலிவாக இருந்தது. அதற்கடுத்த மாதமும். கடையநல்லூருக்கு ரயிலும் உண்டு. ஆனால் அந்த ரயில் புளியங்குடி வழியாகப் போகாது. ஏறிவிட்டால் நடுவில் பாம்புக்கோவில்சந்தையில்தான் இறங்க முடியும். அங்கே வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே பஸ்ஸிலேயே போனார். வீட்டில் ஊறுகாய் ஜாடிகள் நிறைந்தன. தெருவுக்கெல்லாம் ஊறுகாய் போனது. அது வரும் நாளைப் பார்த்தே, அண்ணாச்சி இந்த மாதமும் போகவில்லை என்று தெரு தெரிந்துகொண்டது.

உருண்டை அலமாரிக்கு மேலே போனது. பெட்டிகளில் பெயரும் ஊரும் மட்டும் எழுதினார். கேட்டால் இடம் போதவில்லை என்பார்.

வெள்ளத்துரைக்கு இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "அண்ணாச்சி, என்ன பெரிய காரியம்? 'தூங்குத மாதிரி இருந்துச்சும்மா'ன்னு ஒரு வரி. சொல்லிட்டு வந்துரும். அந்தப் பொம்பள மனசு ஆறிரும்."

"நாலரைன்னு சொன்னதும் ஒரு வரிதான் வே."

வெள்ளத்துரை அதற்குப் பிறகு அவரை எதுவும் கேட்கவில்லை, டோக்கியோகூடக் கேட்கவில்லை.

எண்பத்தாறில், ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு திங்கட்கிழமை, பாதுஷா கடைக்கு வந்தான். தாடி வைத்து, அச்சு அசல் வாப்பாவைப் போல் இருந்தான். சண்முகையா கையிலிருந்த பிரஷை வைக்க இடம் தெரியாமல் பெயிண்ட் டப்பாவுக்கு வெளியே வைத்தார்.

"மாமா, உம்மாவுக்கு முடியல. டாக்டரு கையை விரிச்சிட்டாரு. நான் லீவுல வந்து பக்கத்துலயே இருக்கேன். உங்களையே கேக்காவ. 'அண்ணாச்சி வந்து ஒண்ணு சொல்லுதேன்னாவ, இன்னும் வரலையே'ன்னு. என்னன்னு என்கிட்டச் சொல்ல மாட்டேங்காவ."

"திட்டுதாளா?"

"சே, என்ன மாமா. வந்தா சாயா போட்டுக் குடுன்னு சொல்லிக்கிட்டு இருக்காவ. ஒரு நடை வாங்க. கார் வேணா கொண்டாரட்டா?"

"காரு எதுக்குலே? ஒண்ணேகால் மணி நேரம். நாளைக்குக் காலம்பற வாரேன்."

சொன்னபடி செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினார். மத்தியானம் பையோடு திரும்பினார். ஆறுமுகத்தாய் பையை வாங்கவில்லை. "சாகப்போறவ கேக்கா. ஒரு பொய்யைச் சொன்னா உங்க சொத்தா போயிரும்? இல்ல, மெய்யையாவது சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லத்தானே வாயி இருக்கு?" சண்முகையா பையைத் தானே அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். புதன்கிழமை மழை பலமாக இருந்தது. புளியங்குடியிலும் அதே மழைதான். அன்றும் பையோடு வந்தார்.

வியாழக்கிழமை புளியங்குடி பஸ் நிலையத்தில் கடையநல்லூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் டிரைவருக்கு அவரைத் தெரியும். ஏற மாட்டார் என்பதும் தெரியும். எதிர்ப்பக்கம் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து சேக் மைதீன் இறங்கினான். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட வந்தவன்.

"மாமா, நீங்களா? உங்க ஊருக்கும் ஆள் அனுப்பியிருக்கோம். பெரியம்மா காலையில மௌத்தாயிட்டாவ. அஸருக்கு எடுக்கோம். இந்தத் தடவை யாருக்கும் வைக்கல." சொன்னபிறகுதான் சொன்னது அவனுக்குக் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னும் நேரம் கிடக்கு. இங்கன ரெண்டு வீட்டுல சொல்லிட்டு வந்துருதேன், சேந்தே போவோம். இல்ல, இந்தா நிக்கி பாருங்க பஸ்ஸு. ஏறுங்க."

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் ஓரத்தில் இடம் இருந்தது.

"நீ போ. நான் வாரேன்" என்றார் சண்முகையா.

பஸ் போனது. அவர் சந்தைப் பக்கம் நடந்தார்.

சாயங்காலம், அஸர் நேரம் தாண்டியபின், சங்கரன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தார். ஆறுமுகத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள்; அதற்குள்ளாகவே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். கையிலிருந்த பையையும் பார்த்தாள். அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் பையைக் கவிழ்த்தார். பழங்கள் தரையில் உருண்டு ஓடின. சண்முகையா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவள் பக்கம் தள்ளிவிடத் தொடங்கினார்.